திரையில் எரியும் குடிசை: வன்கொடுமைப் படங்களும் அவற்றைப் பார்க்கும் நாமும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சினிமா. இலக்கிய மேடையில் சினிமாவுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். கீழ்வெண்மணி, கொடியங்குளம், வாச்சாத்தி ஆகிய பெயர்களைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்களை விட, அசுரன், கர்ணன், விடுதலை ஆகிய படங்களைப் பார்த்தவர்கள் பல மடங்கு அதிகம். நம் மக்கள் மீது ஏவப்பட்ட வன்கொடுமைகளின் வரலாறு இன்று திரை வழியாகவே பெருந்திரளிடம் போய்ச் சேர்கிறது. போய்ச் சேரும்போது அந்த வரலாறு என்னவாக மாறுகிறது, பார்ப்பவரை அது என்ன செய்கிறது என்று விசாரிக்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு.

படம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1915-இல் அமெரிக்காவில் டி.டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ வெளிவந்தது. அடிமைமுறை ஒழிந்த பிந்தைய ஆண்டுகளை அது கதையாக்கியது. கறுப்பின மக்களைக் காமவெறியர்களாகவும், அவர்களைக் கொன்று திரிந்த கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலை மீட்பர்களாகவும் காட்டியது. கறுப்பினத்தவர் அமைப்புகள் பல நகரங்களில் எதிர்த்துப் போராடின. ஆனாலும் செத்துக் கிடந்த அந்தக் கும்பல் அதே ஆண்டு இறுதியில் அட்லாண்டா அருகே ஸ்டோன் மவுண்டனில் புதிதாகத் தொடங்கப்பட்டது. ஆள் சேர்க்கவும் அந்தப் படத்தையே பயன்படுத்திக்கொண்டது. கொலைகாரனைக் கதாநாயகனாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1978-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ‘ஹோலோகாஸ்ட்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்த வரலாற்றை ஒரு குடும்பத்தின் கதையாகச் சொன்ன நான்கு பகுதித் தொடர் அது. முகாமிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலீ வீசல், இது அந்தப் பேரழிவை மலினப்படுத்துகிறது என்று கடுமையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் மேற்கு ஜெர்மனி அதை ஒளிபரப்பியது. சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வரலாற்றாசிரியர்கள் அரங்கில் அமர்ந்து பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அப்போது ஜெர்மன் நாடாளுமன்றத்தின் முன்னால் ஒரு கேள்வி நின்றது. கொலைக்குற்றத்துக்கான வழக்குக் காலவரம்பு அந்த ஆண்டோடு முடியவிருந்தது. முடிந்திருந்தால் அதுவரை வழக்குத் தொடரப்படாத நாஜிக் கொலைகாரர்கள் பலர் தப்பியிருப்பார்கள். 1979 ஜூலையில் நாடாளுமன்றம் அந்தக் காலவரம்பையே நீக்கியது. தொடர் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. தொடர் எழுப்பிய உணர்ச்சிக்கு அறிஞர்களின் விளக்கம் கிடைத்தது. நாடாளுமன்றத்தில் ஒரு கோரிக்கையும் தயாராக இருந்தது. மூன்றும் சேர்ந்தபோது அசைவு உண்டானது.

இந்த இரண்டு அனுபவங்களையும் மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். கீழமை நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் நிலவுடைமையாளர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது.

இந்த நிகழ்வை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். சாகித்ய அகாதமி விருதும் பெற்றது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 1983-இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ படத்தை எடுத்தார். நாவல் மீது அன்றே எழுந்த விமர்சனத்தை இன்றும் நாம் மறக்கக் கூடாது. பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவை நாவல் காரணமாக்கியது. கதைக்கு ஒரு தனிமனிதனின் மன உலகம் தேவைப்படுகிறது. அந்தத் தேவை நிலவுடைமையையும் சாதியையும் பின்னுக்குத் தள்ளி, ஒருவரின் நோயை முன்னுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பார்ப்பவர் அந்த ஒருவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். தன் ஊர்ச் சேரியின் கூலியைப் பற்றி அவர் யோசிக்க வேண்டியதில்லை.

2019-இல் வெற்றிமாறனின் ‘அசுரன்’ வந்தது. பூமணியின் ‘வெக்கை’ நாவலில் இல்லாத ஒரு முன்கதையைப் படம் சேர்த்தது. பஞ்சமி நில மீட்பும், எரிக்கப்படும் குடிசைகளும் அதில் வருகின்றன. பார்த்தவர்களுக்கு வெண்மணி நினைவுக்கு வந்தது. ஆனால் படத்தில் கதாநாயகன் அரிவாள் எடுத்துக் கணக்குத் தீர்க்கிறான். திரையரங்கில் விசில் பறந்தது. அந்த விசிலை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’ இரண்டும் 1992-இல் வந்த படங்கள். அந்தத் திரையில் கைகட்டி நின்ற உருவங்களாக மட்டுமே தங்களைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள், நிமிர்ந்து நிற்கும் ஓர் உடலைக் கண்டதும் எழும் மகிழ்ச்சி அது. ஆனால் பழிதீர்க்கும் காட்சி கணக்கை முடித்துவிடுகிறது. வெண்மணியின் கணக்கு நீதிமன்றத்தில் தீரவில்லை என்ற உண்மை அந்த விசிலில் காதில் விழாமல் போகிறது.

அதே படம் வேறொன்றும் செய்தது. 1890-களில் ஆங்கில அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களைப் பற்றி மீண்டும் பேச வைத்தது. அரசியல் தலைவர்களும் பேசினார்கள். சில நாட்களில் அந்தப் பேச்சு, ஒரு பத்திரிகை அலுவலகம் நிற்கும் மனை யாருடையது என்ற கட்சிச் சண்டையாகச் சுருங்கியது. கைமாறிப்போன நிலங்கள் எங்கே, யார் கையில் என்ற கேள்வி ஓரமாக நின்றது.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021-இல் வந்தது. பேருந்து நிற்காத ஒரு ஊர், பிறகு அங்கே நுழையும் காவல்படை. பார்த்தவர்கள் 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நடந்த போலீஸ் தாக்குதலை நினைத்தார்கள். படத்தில் முதலில் போடப்பட்ட 1997 என்ற ஆண்டு, அப்போது யார் ஆட்சி என்ற சர்ச்சையைக் கிளப்பி, பிறகு மாற்றப்பட்டது. அந்தச் சர்ச்சையில் தவறவிட்ட விஷயம் ஒன்று உண்டு. கொடியங்குளம் ஓரளவு முன்னேறிய ஊர். வெளிநாட்டில் வேலை செய்து சம்பாதித்தவர்கள் இருந்தார்கள். போலீஸ் உடைத்தவை தொலைக்காட்சிப் பெட்டிகள், மின்விசிறிகள், தையல் இயந்திரங்கள். எரித்தவை படித்த இளைஞர்களின் சான்றிதழ்கள், பாஸ்போர்ட்டுகள். குடிநீர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள். வறுமையில் வாடும் ஊரைத் திரையில் பார்ப்பவர் இரக்கப்படுகிறார். தலித்துகள் முன்னேறியதற்காகவே தாக்கப்பட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்த இரக்கம் உதவாது. படித்தால் போதும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் படங்களோடு, எரிந்த சான்றிதழ்களையும் சேர்த்தே நாம் பேச வேண்டியிருக்கிறது.

அதே 2021-இல் வந்த ‘ஜெய்பீம்’, 1993-இல் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கை எடுத்துக்கொண்டது. அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் இருளர் என்று மாற்றியது. அம்பேத்கரிய வாழ்த்துச் சொல் ஒன்று வீடுதோறும் ஒலித்தது பெரிய காரியம். ஆனால் படம் வெளியான சில நாட்களிலேயே விவாதம், ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டி எந்தச் சாதியைப் புண்படுத்தியது என்று திரும்பிவிட்டது. காவல் மரணம் பேச்சிலிருந்து நழுவியது. வன்கொடுமையைக் காட்டும் படம் வரும்போதெல்லாம், கொல்லப்பட்டவரின் உயிரைவிடப் பார்ப்பவரின் சாதிப் பெருமை பெரிதாகப் பேசப்படும் ஆபத்து இருக்கிறது.

1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் மலையாளிப் பழங்குடி மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து பாய்ந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இடையே 2023 மார்ச்சில் வந்த ‘விடுதலை’ முதல் பாகம் வாச்சாத்தியை நினைவூட்டியது. பெண்களை நிர்வாணப்படுத்திச் சித்திரவதை செய்யும் காட்சியில் பலர் உறைந்துபோனார்கள். அந்தக் காட்சியின் மையத்தில் இருப்பது, அதைத் தடுக்கத் துடிக்கும் ஒரு காவலரின் மனசாட்சி. வாச்சாத்திப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று கை நீட்டிக் காட்டியவர்கள். 19 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியவர்கள். திரையில் அவர்கள் அவமானப்படுத்தப்பட்ட உடல்களாக மட்டுமே மிஞ்சினால், பார்ப்பவர் எடுத்துச்செல்வது அவர்களின் வலியைத்தான். அவர்கள் நடத்திய போராட்டத்தை அல்ல.

இவ்வளவும் சொல்வதால் இத்தகைய படங்கள் வேண்டாம் என்பது நம் முடிவல்ல. வர வேண்டும், இன்னும் நிறைய வர வேண்டும். ஒரே அரங்கில் அமர்ந்து பார்க்கும் இரண்டு பேர் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை. ஒருவருக்கு அது தெரியாத செய்தி. மற்றவருக்கு அது தன் பாட்டியின் வாழ்க்கை. முதலாமவர் அழுதுவிட்டுத் தன்னை நல்லவர் என்று எண்ணிக்கொள்ளலாம். இரண்டாமவருக்கு அந்த இருட்டில் பழைய காயம் திறக்கிறது. அவரைத் தனியே விட்டுவிட்டு விளக்கைப் போடுவது நியாயமில்லை.

ஜெர்மனியில் படத்துக்குப் பிறகு ஒரு மேசை போடப்பட்டது. நாமும் மேசை போட வேண்டும். திரையிடும் இடத்திலேயே அந்த வழக்கின் தீர்ப்பைத் தமிழில் வாசிப்போம். மைதிலி சிவராமன் வெண்மணி குறித்து எழுதியவற்றை மாணவர் கையில் கொடுப்போம். படத்தில் மாற்றப்பட்டது எது, விடுபட்டது எது என்று பட்டியல் போடுவோம். உயிரோடு இருப்பவர்கள் பேச விரும்பினால் பேசட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

நம்மிடம் தயாரான கோரிக்கையும் உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன்படி, முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். மாவட்டக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, எந்தெந்த வழக்குகளைப் பரிசீலித்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அடுத்த வன்கொடுமைப் படம் வெளியாகும் வாரத்தில் அந்த மனுவின் நகலோடு திரையரங்கு வாசலில் நில்லுங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருபவரிடம் அதை நீட்டி, ஒரு கையெழுத்துக் கேளுங்கள்.