மதுரைச் சமவெளிக் குன்றுகள்: சுனையும் கல்லெழுத்தும்

மதுரையைக் காண வருவோர் கோபுரத்தைக் கண்டு, திருமலை நாயக்கர் மகாலைக் கண்டு, வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றி வந்து ஊர் திரும்புகின்றனர். மதுரையைப் பற்றி எழுதப் புகுவோரும் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றனர். நகருக்கு வெளியே, சமவெளியினின்று திடீரென எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள் இவ்விரு சாராரின் கருத்தையும் கவர்வதில்லை. மேலூர்ச் சாலையில் செல்லும் பேருந்தின் சன்னல் வழியே, படுத்திருக்கும் யானையின் உருவம் ஒன்று தோன்றி மறைவதோடு சரி. ஆயினும் தமிழ் எழுத்தின் தொன்மையை அறிய விரும்புவோர் முதலில் ஏற வேண்டியவை அக்குன்றுகளே. மழை பெய்யும் நாளில் அப்பகுதி உழவர் அண்ணாந்து நோக்குவதும் அவற்றையே. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகக் கருதும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. அதனால் விளைந்த கேடும் சிறிதன்று.

வருசநாட்டு மலையில் தோன்றி 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, ஆண்டு முழுவதும் நீர் தரும் ஆறன்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டியிருப்பதை யாவரும் அறிவர். 1895-இல் கர்னல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணை, மேற்கு நோக்கி ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. அந்நீர் கால்வாய் வழியே மேலூர்ப் பகுதி வரை வந்தது. வைகை அணை வந்தது 1959-இல். அதற்கு முன் ஈராயிரம் ஆண்டுகள் ஆறு எட்டாத இந்நிலம் எதனை நம்பி உழுதது? கண்மாயை நம்பி. கண்மாய் எதனை நம்பியது? குன்றை நம்பி. பாறை மழையை உறிஞ்சிக் கொள்வதில்லை. அதன் மேல் விழும் நீரில் ஒரு பகுதி வெடிப்பிலும் பள்ளத்திலும் தங்கிச் சுனையாகிறது. எஞ்சியது சரிவில் வழிந்து, ஓடையாகி, அடிவாரத்துக் கண்மாயை நிறைக்கிறது. அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய், அதன்பின் அதற்கடுத்தது. ஒரு குன்றின் முதுகில் பெய்த மழை பல ஊர்களின் வயலைக் கண்ட பின்னரே ஓய்கிறது.

இக்குன்றுகளை முதலில் தேடி வந்த துறவியர் இந்நீரின் போக்கை நன்கு அறிந்திருந்தனர். சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களின் அமைப்பு ஏறத்தாழ எங்கும் ஒன்றே. இயற்கையாக அமைந்த பாறை முழை. தரையில் வழுவழுப்பாக வெட்டிய கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போன்ற சிறு மேடு. குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் சொட்டி விழும்படி நீளவாக்கில் வெட்டிய விளிம்பு. அந்த விளிம்பை ஒட்டியே பெரும்பாலும் எழுத்துகள் காணப்படுகின்றன. குடிநீர்ச் சுனை அருகிலோ மேலேயோ இருக்கும். சுனையில்லாத இடத்தில் பள்ளி அமைத்து ஒருவர் எத்தனை நாள் வாழ இயலும்? மதுரையைச் சூழ்ந்த எண்பெருங்குன்றங்களைச் சமணர் புனிதமாகக் கொண்டனர் என்பது மரபு. அவ்வெட்டும் இன்று எவை எவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குன்றுகள் சில கரைந்து வரும் இக்காலத்தில் அவ்வாய்வை விரைந்து முடிப்பது நன்று.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்துக் குன்றில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சுவெல் குறித்தார். எழுத்து கண்ணில் பட்டதே தவிர, மொழி புலப்படவில்லை. வடபுலத்துப் பிராமி எழுத்தில் இருப்பது பாலியோ பிராகிருதமோ என்று அறிஞர் பலர் நெடுநாள் திகைத்தனர். பௌத்த, சமணத் துறவியரின் குகையில் தமிழ் இருக்கக்கூடும் என்று நினைக்க மனம் வரவில்லை போலும். இவை தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். பின்னர் 1960-களில் ஐராவதம் மகாதேவன் இக்குன்றின் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரை இனங்கண்டார். இவற்றின் காலத்தைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என அவர் கணித்தார்.

இக்கல்வெட்டுகள் கூறும் செய்தி எளியது. கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி கொடுக்கப்பட்டது. கொடுத்தவருள் நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி ஒருவன். அரசனின் மைத்துனன் முறையினன் மற்றொருவன். இவர்களோடு வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகக் குழுவினரும் நிற்கின்றனர். வெள்ளறை என்பது அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியே என்பர். அரசு அலுவலர், அரசன் உறவினர், ஊர் வணிகர் என மூவகையினரும் ஒரே குன்றில் ஒரே துறவியர் கூட்டத்திற்குக் கொடை அளித்துள்ளனர். இலக்கியத்தின் வழி மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு மன்னர் பெயருக்குக் கல்லில் கிடைத்த சான்று என்ற வகையில் இக்குன்றின் மதிப்பு அளவிடற்கரியது. எனினும் இன்று அங்கே செல்வோர் முட்புதர் விலக்கி ஏறவேண்டியுள்ளது.

கொடையாளர் உள்ளூரினர் மட்டும் அல்லர். கீழவளவுக் குகையின் கல்வெட்டு எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் பொறித்துள்ள விந்தையானது. அதில் வரும் உபாசகன் தொண்டியைச் சேர்ந்தவன். அரிட்டாபட்டியில் ஒருவன் நெல்வேலியைச் சார்ந்தவன். 2003-இல் அறியப்பட்ட மற்றொரு கல்வெட்டு இலஞ்சியைச் சார்ந்த ஒருவனைக் குறிக்கிறது. கீழைக் கடற்கரையினின்றும் தென்திசை ஊர்களினின்றும் இக்குன்றுகளை நோக்கி வழிகள் வந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அரிட்டாபட்டிக் கல்வெட்டுகள் குகையை 'முழாகை' என்கின்றன. 'முழை' என்னும் சொல்லோடு உறவுடைய இவ்வடிவம் மொழியறிஞர்க்கு நல்விருந்து.

யானைமலைக்கு வருவோம். ஒத்தக்கடையை ஒட்டிக் கிடக்கும் இந்நெடிய ஒற்றைப் பாறையை யானை என்று முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. ஆனால் அப்பெயர் மிகப் பழையது. அங்குள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டு அதனை 'இவகுன்றம்' என்கிறது. 'இபம்' என்னும் வடசொல் யானையைக் குறிப்பது. ஆக, ஈராயிரம் ஆண்டுகளாக மக்கள் இப்பாறையில் ஒரே விலங்கைக் கண்டு வருகின்றனர்.

இதன் அடிவாரத்து நரசிங்கம் குடைவரைக் கோயிலுக்குத் திட்டமான ஆண்டுக்கணக்கு உண்டு. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி என்னும் மதுரகவி இதனைக் கலியாண்டு 3871-இல், அஃதாவது கி.பி. 770-இல், குடைவித்தான். குடமுழுக்குக் காணுமுன் அவன் இறந்தான். அவன் தம்பி மாறன் எயினன் அமைச்சர் பதவியேற்று, முகமண்டபம் எடுத்துப் பணியை நிறைவேற்றினான். வடமொழியிலும் தமிழிலும் இச்செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அண்ணன் தொடங்கி முடிக்காமற்போனதை மறைக்காமல் எழுதி வைத்த தம்பியின் நேர்மை போற்றத்தக்கது. முருகன் தேவசேனையோடு அமர்ந்த மற்றொரு குடைவரையும் அருகே உள்ளது. ஊரார் அதனை லாடன் கோயில் என்பர். மலையின் மேற்புறத்தில் சமணத் திருமேனிகள். சைவம், வைணவம், சமணம் மூன்றும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொண்டன. பூசல் இல்லாமல் பகிர்ந்துகொண்டன என்று கூறத் தேவாரம் இடந்தராது. எனினும் ஒன்றின் சிற்பத்தை மற்றொன்று சிதைக்காமல் விட்டிருக்கிறது.

அரிட்டாபட்டிதான் இவையனைத்தும் ஓரிடத்தில் கூடி நிற்கும் ஊர். ஏழு குன்றுகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் உள்ளன என்று அரசு கணக்கெடுத்துள்ளது. ஆனைகொண்டான் கண்மாய் அவற்றுள் ஒன்று. ஊரார் 'இடைச்சி மண்டபம்' எனக் கூறும் சிவன் குடைவரை முற்காலப் பாண்டியர் காலத்தது. அதன் முகப்பின் இருபுறமும் உள்ள கோட்டங்களில் ஒன்றில் பிள்ளையார், மற்றொன்றில் இலகுலீசர். பாசுபத நெறியின் ஆசிரியராகிய இலகுலீசர் கூர்ச்சர நாட்டுக் காயாரோகணத்தோடு தொடர்புடையவர். அவருடைய திருமேனி தமிழகத்தில் அரிது. கடல் போன்ற தொலைவைக் கடந்து ஒரு சமய நெறி இச்சிற்றூர்ப் பாறையில் வந்து அமர்ந்திருக்கிறது.

மற்றொரு பக்கத்தில், கற்படுக்கைகளுக்கு மேலே, மகாவீரரின் புடைப்புச் சிற்பம். கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாடெங்கும் சமணச் சிற்பங்கள் எழக் காரணமாயிருந்த அச்சணந்தி என்னும் முனிவர் செய்வித்தது. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. அது மலையின் பெயரைத் திருப்பிணையன் மலை என்கிறது. சிற்பம் யார் பெயரால் செய்யப்பட்டது என்கிறது. இறுதியில், இது பாதிரிக்குடியார் 'ரட்சை' என்று முடிகிறது. காவற்பொறுப்பு ஓர் ஊராரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பது பொருள். அரசன் பெயரால் ஆணையில்லை. அழிப்பவர்க்குச் சாபமும் இல்லை. சமணர் அல்லாதாரும் அவ்வூரில் இருந்திருக்கக் கூடும். அவர்களையும் உள்ளிட்டே 'பாதிரிக்குடியார்' என்று அச்சொல் அடக்கிவிடுகிறது.

நகருக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையைப் பலரும் அறிவர், விரித்துரைக்க வேண்டியதில்லை. செட்டிப்புடவின் பெரிய தீர்த்தங்கரர், பேச்சிப்பள்ளத்துச் சிற்ப வரிசை, அதனருகே வற்றாத சுனை, உச்சிக்கு அருகில் கன்னடக் கல்வெட்டு, அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் ஆலமரங்களும். விடுமுறை நாளில் குடும்பத்தோடு செல்லத்தக்க இடம். படிக்கட்டும் உண்டு.

இனிக் கூறவேண்டியது மகிழ்ச்சி தருவதன்று. இக்குன்றுகளின் பாறை, மெருகேற்றினால் கண்ணாடி போல் ஒளிரும் இயல்புடையது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயல்நாட்டுச் சந்தை அதனை விரும்பியது. மேலூர் வட்டாரத்தில் குன்றுகள் கனசதுரங்களாக அறுபட்டுத் துறைமுகம் சென்றன. கீழவளவில் சமணர் குகை தாங்கிய பாறை தப்பியது. அதனை அடுத்த பாறைகள் தப்பவில்லை. அறுத்தெடுத்த இடத்தில் ஆழ்குழியும் கழிவுக்கற் குவியலும் எஞ்சின. ஓடைகளும் வரத்துக் கால்வாய்களும் பல இடங்களில் அடைபட்டன. கல்வெட்டைக் காத்துவிட்டோம் என்று ஒரு துறை அமைதி கொள்ளலாம். கண்மாய்க்கு நீர் வரும் வழி அத்துறையின் கணக்கில் இல்லை. முறைகேடுகளைப் பற்றி மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம் அளித்த அறிக்கை 2012-இல் வெளிப்பட்டதும் குவாரிகள் மூடப்பட்டன. 2014-இல் உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக அமர்த்தியது. 2015-இல் அறிக்கை அளிக்கப்பட்டது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று 2010-இல் எழுந்து, அடிவார ஊர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. இயற்கை செதுக்கிய யானையைத் திருத்திச் செதுக்க விரும்பிய அத்திட்டத்தை என்னென்பது!

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் இவ்வறிவிப்பைப் பெற்ற முதல் இடம் இதுவே. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே காணப்படுகின்றன. அவற்றுள் லகுடு, வல்லூறு, ராசாளி என்னும் மூன்று வேட்டைப் பறவைகள் சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. செங்குத்தான பாறை முகடுகளின்றி அவற்றிற்கு வாழ்வில்லை. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. மின்விளக்கின் இழைக்கும் கடின எஃகுக்கும் பயன்படும் டங்ஸ்டன் இந்நிலத்தடியில் இருப்பதாகக் கண்டு, நாயக்கர்பட்டித் தொகுதி என்ற பெயரில் 2015 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பை நடுவண் அரசு ஏலத்தில் விட்டது. ஏல முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பல்லுயிர்த் தலமும் அப்பரப்பினுள் அடங்கியிருந்தது. கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7-இல் மேலூர் வட்டார உழவர் பெருந்திரளாக நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை நடந்தனர். சனவரி 23-இல் ஏலம் இரத்துச் செய்யப்பட்டது.

நடந்து வந்தோரில் பாதிரிக்குடியார் வழியினர் எவரேனும் இருந்தனரா என்பதற்குச் சான்று தேட இயலாது. அவர்கள் கேட்டது கண்மாயையும் வயலையும் கோயிலையும் மலையையும் சேர்த்தே. சுனை ஒரு துறைக்கு, எழுத்து ஒரு துறைக்கு, பறவை ஒரு துறைக்கு என்று பிரித்துக் கேட்கவில்லை.

குன்றுகளைக் காண விழைவோர்க்கு மார்கழி, தை உகந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுனைகள் நிறைந்திருக்கும், பாறை சுடாது. உச்சிப்பொழுதில் சென்றால் கல்லில் கீறல் மட்டுமே தெரியும். வெயில் சாய்வாக விழும் வேளையில் ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். சுண்ணம் தடவிப் படிக்க முயல்வதையும், பெயர் எழுதி வைப்பதையும் தவிர்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக் கொள்வது நல்லது. எந்தச் சுனையின் நீரைக் குடிக்கலாம் என்பது அவர்க்குத்தான் தெரியும்.