அலகசாம் ஏன் வரவே இல்ல?

இன்னைக்கு போக்கிமான் பத்திப் பேசலாம். கார்ட்டூன் இல்ல, கேம். அதுலயும் முதல் ரெண்டு தலைமுறை மட்டும்தான்: 1996-ல் வந்த ரெட், கிரீன், 1999-ல் வந்த கோல்டு, சில்வர்.

முதல்ல என்னோட பழைய கடுப்பு ஒண்ணைச் சொல்லிடறேன். ஏழாவது படிக்கும்போது பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் போட்டு போக்கிமான் ரெட் விளையாடினேன். அண்ணன்தான் யார்கிட்டயோ வாங்கி சிடியில காப்பி பண்ணிட்டு வந்தான். என்கிட்ட ஒரு கடாப்ரா இருந்துச்சு. கையில ஸ்பூன் வெச்சிருக்குமே, அதுதான். அடுத்து அது அலகசாமா மாறும்னு டிவி பார்த்தே தெரியும். லெவல் 40 ஆச்சு, 50 ஆச்சு, 60 ஆச்சு, மாறவே இல்ல. அரைப்பரீட்சை லீவு முழுக்க அதை வெச்சே சண்டை போட்டேன். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, விடு"ன்னு அண்ணன் தீர்ப்பு சொல்லிட்டான்.

ஃபைல் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வான்னு அந்த கேம் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத்தான் புரியல.

இதைப் புரிஞ்சுக்க டோக்கியோவின் புறநகரான மச்சிடாவுக்குப் போகணும். 1965-ல் பிறந்த சதோஷி தஜிரி அங்கதான் வளர்ந்தார். சின்ன வயசுல அவருக்கு வண்டு, பூச்சி பிடிக்கிறதுதான் முழுநேர வேலை. கூட இருந்த பசங்க 'பூச்சி டாக்டர்'னே பேர் வெச்சுட்டாங்க. அவர் வளர வளர ஊரும் வளர்ந்தது. வயலும் குளமும் இருந்த இடத்துல கட்டடம் வந்தது, பூச்சிகள் போயிடுச்சு. அவரும் வீடியோ கேம் ஆர்கேடுக்குள்ள நுழைஞ்சுட்டார். 1983-ல் 'கேம் ஃப்ரீக்'னு கையாலேயே எழுதி, ஸ்டேப்ளர் அடிச்சு ஒரு பத்திரிகை நடத்தினார். அதைப் படிச்சு வந்து சேர்ந்த கென் சுகிமோரிதான் பின்னாடி போக்கிமான்களை வரைஞ்சவர். 1989-ல் அதே பேர்ல கம்பெனி ஆரம்பிச்சாங்க.

அதே வருஷம்தான் நிண்டெண்டோவின் கேம் பாயும் வந்தது. ரெண்டு கேம் பாயை இணைக்க ஒரு லிங்க் கேபிள் உண்டு. டெட்ரிஸ் மாதிரி கேம்ல எதிராளியோட மோதத்தான் அது பயன்பட்டது. தஜிரிக்கு அந்த ஒயரைப் பார்த்ததும் அதுமேல ஒரு பூச்சி ஊர்ந்து அந்தப் பக்கம் போற மாதிரி தோணுச்சாம். போக்கிமானோட விதை அந்தப் பூச்சிதான்.

அதைக் கேமா மாத்த ஆறு வருஷம் ஆச்சு. நடுவுல கம்பெனி காசில்லாமத் தள்ளாடுச்சு, சிலர் வேலையை விட்டுப் போனாங்க. கடைசியில 1996 பிப்ரவரி 27 அன்னைக்கு ஜப்பான்ல ரெட், கிரீன் வெளியானபோது கேம் பாய்க்கு வயசு ஏழு. பிளேஸ்டேஷன் வந்தே ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை ஓய்வு பெறப்போற ஆளா நினைச்ச நேரம் அது.

எதுக்கு ரெண்டு கேம்? ரெட்ல கிடைக்கிற சில போக்கிமான் இன்னொண்ணுல கிடைக்காது. முதல்ல கொடுக்கிற மூணுல ஒண்ணைத்தான் எடுக்க முடியும். ரெண்டு ஃபாசில்ல ஒண்ணுதான் உங்களுக்கு. கடாப்ரா, ஹான்டர், மச்சோக், கிராவ்லர் நாலும் ட்ரேட் பண்ணினாத்தான் அடுத்த வடிவத்துக்கு மாறும். இன்னொருத்தர்கிட்ட இருந்து வந்த போக்கிமான் வேகமா லெவல் ஏறும், ஆனா தேவையான பேட்ஜ் இல்லன்னா உங்க பேச்சைக் கேக்காது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி, கொடுத்தா கொடுத்ததுதான். உங்ககிட்ட காப்பி இருக்காது. தீப்பெட்டியில வெச்சிருந்த பொன்வண்டை ஃப்ரெண்டுக்குக் கொடுத்த மாதிரி.

அதுக்காக ரெட்டை ஒரேயடியாத் தூக்கி வைக்க மாட்டேன். பக் நிறைஞ்ச கேம். சைக்கிக் வகை போக்கிமான்களை அசைக்கவே முடியாது. கோஸ்ட் வகைக்கு அதுங்க பயப்படும்னு கேமே சொல்லும், ஆனா 'லிக்' அடிச்சா ஒண்ணுமே ஆகாது, கோடிங் தப்பு. பூச்சிப் பைத்தியம் செஞ்ச கேம்ல பூச்சி வகைதான் நோஞ்சான், அது இன்னொரு கொடுமை.

மியூ கதையைச் சொல்லாம விடமுடியாது. வேலை முடியுற கட்டத்துல, பிழை திருத்தப் போட்டிருந்த புரோகிராமை எல்லாம் எடுத்ததும் சுமார் 300 பைட் இடம் மிஞ்சுச்சு. ஷிகேகி மொரிமோட்டோ அதுல 151-வது போக்கிமானா மியூவைச் செருகினார். விளையாட்டாப் பண்ணின காரியம். ஆனா விஷயம் வெளியே கசிஞ்சு பசங்க பேச ஆரம்பிச்சாங்க. கோரோகோரோ பத்திரிகை 20 பேருக்கு மட்டும் மியூ தரோம்னு அறிவிச்சப்போ 78,000 பேருக்கு மேல விண்ணப்பிச்சாங்க. இன்டர்நெட் பரவாத காலத்துல ஸ்கூல் மைதானமே அதுக்கு விளம்பரம்.

கோல்டு, சில்வர் கேமா இன்னும் நல்லா இருக்கும். உள்ளேயே ஒரு கடிகாரம், ராத்திரியானா வேற போக்கிமான் வரும். புதுசா 100 போக்கிமான். எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கும்போது முதல் கேமின் கான்டோ உலகம் திறக்கும். பின்னாளில் நிண்டெண்டோ தலைவரான சதோரு இவாட்டா, படங்களைச் சுருக்க ஒரு டூல் எழுதிக் கொடுத்து உதவினார். கடைசியா சில்வர் மலை உச்சிக்குப் போனா முதல் கேம்ல நாம விளையாடின அதே பையன், ரெட், நிப்பான். எதுவும் பேசமாட்டான், வெறும் மூணு புள்ளிதான். டைம் கேப்சூல்னு ஒரு வசதியும் வெச்சாங்க, பழைய கேம்ல இருக்கிற போக்கிமானையே கேபிள் வழியா இதுக்குக் கொண்டுவரலாம். அதுக்கும் பக்கத்துல ஒரு ஆள் வேணும்.

எனக்கு அந்த ஆள் ரொம்ப லேட்டாத்தான் கிடைச்சான். ரெண்டு வருஷம் முன்னாடி, லேப்டாப்ல ரெண்டு விண்டோ திறந்து எனக்கு நானே ட்ரேட் பண்ணலாம்னு கண்டுபிடிச்சேன். பண்ணினேன். அலகசாம் வந்துச்சு. சத்தியமா ஒரு சந்தோஷமும் இல்ல. அப்புறம் செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு கேம் பாய், பேட்டரி மாத்தின ஒரு ரெட், ஒரு ப்ளூ, ஒரு ஒயர் தேடிப் பிடிச்சேன். மறுபடி முதல்ல இருந்து விளையாடி ஒரு கடாப்ரா வளர்த்து, போன தீபாவளிக்கு பெரியப்பா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். ரெண்டு மாசம் முன்னாடியே ப்ளூவை அண்ணன்கிட்ட கொடுத்து வெச்சிருந்தேன். அவனோட ஹான்டருக்கு என் கடாப்ரா. ஹான்டர் இங்க வந்து கெங்கரா மாறுச்சு. கடாப்ரா அங்க போய் அலகசாமா மாறுச்சு.

அங்கதான் சிக்கல். ட்ரேட்ல போற போக்கிமான், போய்ச் சேர்ந்த இடத்துலதான் மாறும். அதாவது என் அலகசாம் இப்ப அண்ணன் கையில. அவன் மனசு வெச்சுத் திருப்பி அனுப்பினாத்தான் எனக்கு.

"கெங்கரை நீயே வெச்சுக்கோ, இதை நான் வெச்சுக்கறேன்"னு சொல்லிட்டு கேம் பாயை ஆஃப் பண்ணிட்டான். இன்னும் தரல.