இளைப்பாறுதலும் இன்னோர் ஆடுகளமும்

ஆசிரியர் ஒருவர் இளைப்பாறினாரென முரசுமோட்டையிற் கூறின், அவர் இனி வயலையோ கோயிற்பணியையோ நாடுவாரென்றே கேட்போர் கொள்வர். விளையாட்டுலகில் அச்சொல்லின் பொருள் பெரிதும் திரிந்துவிட்டது. அங்கே இளைப்பாறுதல் பலருக்கு ஓய்வன்று. ஓரிடத்துக் கட்டினின்று நீங்கி வேறோர் அரங்கிற் புகும் வாயிலாகும்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று வட அமெரிக்கப் பனித்தள ஹொக்கியில் உண்டு. உருசியரான இலியா கொவல்சுக் 2010 இல் நியூ ஜேர்சி டெவில்ஸ் கழகத்துடன் 15 ஆண்டுகளுக்கு 10 கோடி டொலர் ஒப்பந்தம் செய்தார். 12 ஆண்டுகளும் 7.7 கோடி டொலரும் எஞ்சியிருக்க, 2013 ஆடி 11 இல், முப்பது வயதில், இளைப்பாறுவதாக அறிவித்தார். சில நாள்களுள் தாயகத்துச் சென் பீற்றர்ஸ்பேர்க் கழகத்திற் சேர்ந்தார். போகும் வழி திறந்திருந்தது. மீளும் வழியே அடைபட்டது. 35 வயதுக்கு முன் திரும்புவதாயின் 30 கழகங்களும் ஒருங்கே இசைதல் வேண்டும். அவ்வயது நிரம்பிய பின்னர், 2018 இலேதான், லொஸ் ஏஞ்சலிஸ் கழகத்தின் வழியாக அவர் மீண்டார்.

ஒருவரை வலிந்து விளையாடச் செய்ய எவ்வொப்பந்தத்தாலும் இயலாது. 1852 இல் இலண்டனில் யொஹானா வாக்னர் என்னும் பாடகி ஓர் அரங்குக்கு வாக்களித்துவிட்டு மற்றோர் அரங்கிற் பாட முற்பட்டபோது, அவரைப் பாடுமாறு பணிக்க நீதிமன்றத்தால் இயலவில்லை. பிற அரங்கிற் பாடலாகாதென்று தடுக்க மட்டுமே இயன்றது. விளையாட்டு ஆட்சியாளர் பின்னாளிற் கைக்கொண்ட உபாயமும் இதுவே.

இலங்கைக் கிரிக்கெற்றில் இது வெளிப்படையாயிற்று. 2011 சித்திரையில் லசித் மாலிங்க, இருபத்தேழாம் வயதில், முழங்கால் நோவைக் காட்டி ரெஸ்ற் ஆட்டத்தினின்றும் விலகினார். அப்போது அவர் மும்பை அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். நீண்ட பந்துவீச்சைத் தாங்காத கால், நான்கு ஓவர்களைத் தாங்குதல் இயல்பே. எனினும், 30 ரெஸ்ற்றுகளில் 101 விக்கெற்றுகள் வீழ்த்தியவரை இழந்தது நாட்டுக்குச் சிறு நட்டமன்று.

2022 தையில் பானுக ராஜபக்ச, முப்பது வயதில், குடும்பப் பொறுப்புகளைக் காட்டிச் சர்வதேச ஆட்டத்தினின்றும் விலகினார். உடற்றகுதி விதிகள் கடுமையாக்கப்பட்டிருந்த காலம் அது. தனுஷ்க குணதிலக்கவும் ரெஸ்ற் ஆட்டத்தைத் துறந்தார். இலங்கைக் கிரிக்கெற் நிறுவனம் உடனே விதி வகுத்தது: இளைப்பாற விரும்புவோர் மூன்று மாத முன்னறிவித்தல் தரவேண்டும், இளைப்பாறி ஆறு மாதம் கழிந்த பின்னரே பிறநாட்டு லீக் ஆட்டங்களுக்கான அனுமதிப் பத்திரம் வழங்கப்படும், லங்கா பிரீமியர் லீக்கில் ஆடுவதாயின் அப்பருவத்து உள்நாட்டுப் போட்டிகளுள் 80 சதவீதத்தில் ஆடியிருத்தல் வேண்டும்.

முன்னறிவித்தல் கேட்பது நியாயம். எத்தொழிலிலும் உள்ள வழக்கமே. ஆறு மாதத் தடையோ வேறு வகையினது. முப்பது வயதுடைய துடுப்பாட்டவீரருக்கு எஞ்சிய தொழிற்காலம் ஐந்தாறு ஆண்டுகளே. அதில் அரையாண்டை நிறுவனம் கவர்ந்துகொள்கின்றது. தேசிய அணியிலாடி வளர்ந்தவர் அதற்குக் கடன்பட்டவர் என்பர். மெய்தான், ஆயினும் அக்கடன் எவ்வளவு, எப்போது தீரும் என்பதைக் கடன் கொடுத்தவரே தனித்துத் தீர்மானிப்பது எங்ஙனம் முறையாகும்? கொவல்சுக்குக்கு ஒப்பந்தக் கணக்கேனும் எழுத்தில் இருந்தது.

ராஜபக்ச பத்து நாள்கூடக் கழியுமுன், விளையாட்டுத்துறை அமைச்சரைச் சந்தித்துத் தம் விலகலை மீளப்பெற்றார். அவ்வாண்டே இந்திய லீக்கிற் பஞ்சாப் அணிக்கும் ஆடினார். புரட்டாதி 11 இல் துபாயில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெற்றுகளை இழந்து இலங்கை தத்தளித்தபோது, 45 பந்துகளில் ஆட்டமிழக்காது 71 ஓட்டங்கள் குவித்தவர் அவரே. பாகிஸ்தான் 23 ஓட்டங்களால் தோற்றது.