சாப்பிடாத, தூங்காத மாலுமி!

ஜூலை, 1895. அட்லாண்டிக் சமுத்திரம். அஸோர்ஸ் தீவுகளிலிருந்து கிளம்பி ஒரு சின்னப் பாய்மரப் படகு போய்க்கொண்டிருக்கிறது. பெயர் 'ஸ்ப்ரே'. நீளம் 37 அடிகூட இல்லை. உள்ளே ஒரே ஒரு ஆள், கேப்டன் ஜோஷுவா ஸ்லோகம். உலகத்தைத் தன்னந்தனியாகச் சுற்றி வந்து காட்டுகிறேன் என்று அமெரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதர்.

தீவுக்காரர்கள் அன்பாகக் கொடுத்தனுப்பிய பிளம் பழங்களையும் வெள்ளைச் சீஸையும் ஒரு பிடி பிடித்தார் ஸ்லோகம். அவ்வளவுதான், வயிறு முறுக்கிப் பிழிய ஆரம்பித்துவிட்டது. வெளியே காற்று வேறு வலுத்துக்கொண்டிருந்தது. கேபின் தரையில் சுருண்டு விழுந்தவருக்கு நினைவு தப்பியது. நடுவில் கண் விழித்துப் பார்த்தால், சுக்கானைப் பிடித்தபடி உயரமான ஓர் அந்நியன்! 'பயப்படாதே, நான் கொலம்பஸின் ஆள். பிண்டா கப்பலை ஓட்டியவன். இன்று ராத்திரி உன் படகை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றானாம்!

விடிந்ததும் ஸ்லோகம் எழுந்து பார்த்தார். படகு சரியான திசையில் கிட்டத்தட்ட 90 மைல் போயிருந்தது.

வந்தது 400 வருஷத்துக்கு முந்தைய ஆவியா, காய்ச்சல் மயக்கமா என்ற ஆராய்ச்சியை விடுங்கள். படகை ஓட்டியது யார்? படகுதான். ஸ்ப்ரேயின் அடிப்பாகம் நீளமானது. பாய்களைச் சரியான அளவில் இழுத்துக் கட்டி, சுக்கானையும் ஒரு நிலையில் கட்டிவிட்டால், அது பாட்டுக்கு நேராகப் போகும். பிறகு தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தார் ஸ்லோகம். அதில் அவர் கையால் சுக்கான் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம்தான் என்று எழுதியிருக்கிறார்.

எல்லாப் படகும் ஸ்ப்ரே ஆகிவிடுமா? பெரும்பாலானவை சுக்கானை விட்டால் ஒரு நிமிஷத்தில் முறுக்கிக்கொண்டு காற்றுக்கு எதிரே போய் நின்றுவிடும். அப்படியானால் தனியாகப் போகிறவர் எப்போது சமைப்பது? கிழிந்த பாயை எப்போது தைப்பது? முக்கியமாக, எப்போது தூங்குவது? நாலு நாள் தூக்கம் கெட்டவனுக்குக் கடலில் தப்பு செய்ய ஒரு விநாடி போதும்.

இந்த இடத்தில்தான் ஹேஸ்லர் வருகிறார். 'பிளாண்டி' ஹேஸ்லர், பிரிட்டிஷ் ராயல் மெரைன்ஸ் அதிகாரி. இரண்டாம் உலகப் போரில், டிசம்பர் 1942-ல், சின்னஞ்சிறு துடுப்புப் படகுகளில் பத்துப் பேராகக் கிளம்பி, ஜெர்மானியர் பிடியில் இருந்த போர்தோ துறைமுகத்துக் கப்பல்களில் வெடி வைத்த குழுவின் தலைவர். பத்தில் உயிரோடு திரும்பியது இரண்டே பேர். அதில் ஒருவர் இவர்.

போர் முடிந்தும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. 'அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் பந்தயம் நடத்தினால் என்ன?' என்று கிளப்பிவிட்டார். 1960-ல், இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு, ஐந்தே பேர் கலந்துகொண்ட பந்தயம் அது. 40 நாளில் முதலாவதாக வந்தவர் 58 வயது ஃபிரான்சிஸ் சிசெஸ்டர். 48 நாளில் இரண்டாவதாக வந்தவர் ஹேஸ்லர். இருவர் படகிலும் பின்பக்கம் ஒரு கருவி இருந்தது. காற்றைப் பார்த்துத் தானே திரும்பி, சுக்கானையும் திருப்பும் தகடு. சிசெஸ்டர் அதற்கு 'மிராண்டா' என்று செல்லப் பெயரே வைத்திருந்தார்!

ஆனால், ஒரு சிக்கல். காற்றில் ஆடும் தகட்டுக்குப் பலம் குறைவு. கனமான சுக்கானை அது எப்படித் திருப்பும்? பிற்பாடு ஹேஸ்லர் கண்டுபிடித்த வழி அபாரமானது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையைக் கத்தி மாதிரி நீட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள் (நிஜமாக நீட்டிவிடாதீர்கள்!). உள்ளங்கையை லேசாகத் திருப்பினால் போதும், காற்று மொத்தக் கையையும் தூக்கி அடிக்கும். அதேதான் இங்கேயும். காற்றுத் தகடு, தண்ணீரில் தொங்கும் ஒரு துடுப்பை லேசாகத் திருப்பும், அவ்வளவே. ஓடுகிற தண்ணீர் அந்தத் துடுப்பைப் பலமாகப் பக்கவாட்டில் தள்ளும். துடுப்பில் கட்டிய கயிறு சுக்கானை இழுக்கும். படகு வேகமாகப் போகப் போகக் கருவிக்குப் பலம் கூடும். மின்சாரம் வேண்டாம், சோறு வேண்டாம், சம்பளம் வேண்டாம்!

இன்றைக்குத் தூரப் பயணம் கிளம்புகிற ஒருவர் முன்னால் இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று, இந்த 'விண்ட்வேன்'. இன்னொன்று, மின்சார 'ஆட்டோபைலட்'. ஆட்டோபைலட் திசைகாட்டியைப் பார்த்து ஓட்டும். காற்றே இல்லாமல் இன்ஜினில் போகும்போதும் வேலை செய்யும். ஆனால், பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்து சர்க்யூட் போய்விட்டால், நடுக்கடலில் மெக்கானிக் கடை ஏது? விண்ட்வேனுக்குத் திசை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள்! பின்னாலிருந்து வரும் மெல்லிய காற்றிலும் அது தடுமாறும். அதனால் வசதியுள்ளவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால், சரித்திரம் சொல்கிற பாடம் வேறு. எந்தக் கருவி உசத்தி என்பதல்ல கேள்வி. உடைந்தால் என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. ஏனென்றால், உடையும்!

1966-ல் சிசெஸ்டர் உலகைச் சுற்றக் கிளம்பினார். சிட்னிக்கு இன்னும் 2,000 மைலுக்கு மேல் பாக்கி இருக்கும்போது அவருடைய விண்ட்வேன் உடைந்தது. 'கதை முடிந்தது, பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடலாம்' என்று படகைத் திருப்பியும் விட்டார். அப்புறம் ஒரு சின்னப் பாயின் கயிற்றைச் சுக்கானோடு இணைத்துக் கட்டிப் பார்த்தார். படகு தானாக ஓடியது! நேரே சிட்னி.

அடுத்தவர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன். இவருடைய 32 அடிப் படகு 'சுஹைலி' நம்ம பம்பாயில், தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. 1968-ல் எங்குமே நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஒன்பது பேர் கிளம்பினார்கள். ராபின் தன் கருவிக்கு வைத்த பெயர் 'அட்மிரல்'. அந்த அட்மிரல் ஆஸ்திரேலியாப் பக்கம் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டார். இன்னும் பாதி உலகம் பாக்கி! ராபின் ஸ்லோகத்தின் பழைய வழிக்குப் போனார். பாய்களைச் சமன்படுத்தி, சுக்கானைக் கட்டிவிட்டுப் படுத்தார். 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாள் கழித்து ஊர் திரும்பினார். ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பந்தயத்தைப் பழைய பாணியிலேயே 2018-ல் மறுபடி தொடங்கினார்கள். ஆட்டோபைலட் கூடாது, விண்ட்வேன் மட்டும்தான். இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, சுஹைலியின் அச்சு அசலான நகலாகக் கோவாவில் கட்டிய 'துரியா'வில் போனார். தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் படகு புரண்டது. பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பும்தான். மூன்று நாள் அசைய முடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது.

அப்புறமும் வீட்டில் உட்காரவில்லை. முதுகில் டைட்டானியம் கம்பியோடு 2022-ல் மறுபடி கிளம்பினார்! அந்தப் பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த சைமன் கர்வனின் விண்ட்வேன் பசிபிக்கில் உடைந்தது. சரிசெய்ய அவர் சிலிக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. நடுவில் கரைக்குப் போனதால், கடைசியில் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தும் பரிசு அவருக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நியூஷேஃபர் என்ற பெண்மணி ஜெயித்தார்.

டோமியின் விண்ட்வேனும் உடையத்தான் செய்தது. கையிருப்பில் மாற்று பாகம் தீர்ந்தது. மனுஷர் சுற்றுமுற்றும் பார்த்தார். ரம்பத்தை எடுத்தார். படகின் கழிப்பறைக் கதவைக் கழற்றி அறுத்து, விண்ட்வேனுக்குப் பாகம் செய்து மாட்டிவிட்டார்! 2023 ஏப்ரல் 29 அன்று, இரண்டாவது இடம் பிடித்துக் கரை சேர்ந்தார்.

சுயமாக ஓட்டும் கருவி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. 'இதை மரக்கட்டை, கயிறு, ரம்பத்தை வைத்து என்னால் சரிசெய்ய முடியுமா?' என்பதுதான்.

கழிப்பறைக்குக் கதவு இல்லாமல் டோமி எப்படிச் சமாளித்தார் என்கிறீர்களா? அட, தனியாகப் போகிறவருக்கு அது எதற்கு!