ஒட்டுப் போட்ட பட்டுப் புடவை

‘சந்திரலேகா’ கதை எந்த நாட்டில் நடக்கிறது? எந்த நூற்றாண்டில்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

ம்ஹூம். சொல்ல முடியாது. ராஜா இருக்கிறார். அண்ணன், தம்பி என்று இரண்டு இளவரசர்கள். குதிரை, கத்தி, கோட்டை எல்லாம் உண்டு. சரி, ஏதோ அந்தக் காலத்து ராஜா ராணிக் கதை என்று நீங்கள் சாய்ந்து உட்காரும்போது பொசுக்கென்று ஒரு சர்க்கஸ் கூடாரம் வந்து நிற்கும். யானை, சிங்கம், பார் விளையாட்டு சகிதம்! அதற்கப்புறம் ஜிப்ஸிகள். ஒரு பாட்டு கர்னாடக சங்கீதம், இன்னொரு பாட்டு ஐரோப்பா. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தில், கதை என்று பார்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

இன்னொரு குறையும் உண்டு. மலைக் குகையில் அடைபட்டுக் கிடக்கும் அண்ணன் இளவரசனை, சர்க்கஸ் யானைகளை வைத்துப் பாறையை நகர்த்தி மீட்பது சந்திரலேகா. வில்லனைக் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொல்லி ஏமாற்றுவதும் அவள்தான். ஆனால், கடைசியில் கத்திச் சண்டை போட்டு ஜெயிக்கிற பெருமை மட்டும் ஹீரோவுக்கு!

இவ்வளவு ஓட்டைகள். ஆனாலும் படத்தைப் பார்க்க ஆரம்பித்தால் எழுந்து போக மனசு வராது. ஏன்?

பதில் படத்துக்கு வெளியே இருக்கிறது. ‘மங்கம்மா சபதம்’ வெற்றிக்குப் பிறகு, 1943-ல் ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன் அடுத்த படத்தை அறிவித்தபோது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு சங்கதிதான். தலைப்பு! கதை கிடையாது. ஜெமினி கதை இலாகா எழுதிக் கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் ‘ராபர்ட் மக்கேர்’ நாவலில் வரும் ஒரு சம்பவம் பிடி கொடுத்தது. கொள்ளைக்காரர்கள் ஒரு பெண்ணை மறித்து ஆடச் சொல்கிறார்கள்; அவள் ஆடுகிறாள். அவ்வளவுதான். அந்த ஒரு நூலிலிருந்து மொத்தப் புடவையையும் நெய்ய ஆரம்பித்தார்கள்.

நெய்து முடிக்க ஐந்து வருஷம் ஆயிற்று. நடுவில் உலக யுத்தம் முடிந்தது. நாட்டுக்குச் சுதந்தரமே வந்துவிட்டது! பாதிக்கு மேல் படத்தை இயக்கிய டி.ஜி.ராகவாச்சாரி, வாசனோடு ஒத்துப்போகாமல் விலகினார். அதுவரை ஒரு படம்கூட இயக்காத வாசன், தானே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். வில்லனாக முதலில் யோசிக்கப்பட்ட எம்.கே.ராதா ஹீரோ ஆனார். வில்லன் வேஷம் ரஞ்சனுக்குப் போனது. சர்க்கஸ் வேண்டும் என்று தோன்றியதும் நிஜ சர்க்கஸ் கம்பெனிகளையே கூட்டி வந்துவிட்டார்கள்.

நீங்கள் படத்தில் பார்க்கிற தையல்கள் எல்லாம் இப்படி விழுந்தவைதான். அதில் ஒரு தையலைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

1944 கடைசியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். மறு வருஷம் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். சிரிக்க வைப்பதே தொழிலாக இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருகிறார். ஜனங்கள் மறுபடி ஏற்றுக்கொள்வார்களா, யாருக்குத் தெரியும்? பாகவதரால் கடைசி வரை பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

வாசன் என்ன செய்தார்? வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த படத்தில், என்.எஸ்.கே.வுக்கும் மதுரத்துக்கும் என்றே புதுசாகக் காட்சிகள் எழுதச் சொன்னார். சர்க்கஸ் பகுதியில் அவர்கள் அடிக்கிற லூட்டி அப்படி வந்ததுதான். கதைக்கு அது தேவையா என்று கேட்டால், இல்லை. கத்தரித்து எடுத்துவிட்டாலும் கதை நகரும். வாசன் வியாபாரி; என்.எஸ்.கே. இருந்தால் டிக்கெட் விற்கும் என்ற கணக்கும் கட்டாயம் இருந்திருக்கும். இருக்கட்டுமே. ஜெயிலிலிருந்து வந்த மனிதருக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு கணக்குதானே தேவைப்பட்டது!

1948 ஏப்ரல் 9-ம் தேதி படம் வெளியானது. செலவு முப்பது லட்சம் ரூபாய் என்பார்கள். அன்றைக்கு அது மயக்கம் போட வைக்கிற தொகை. தமிழில் மட்டும் ஓடினால் போட்ட பணம் திரும்பாது என்ற நிலைமை. வாசன் அசரவில்லை. அதே வருஷம் டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். விளம்பரம் தூள் பறந்தது. வடக்கே படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இன்றைக்கு ‘பான் இந்தியா’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு மவுண்ட் ரோட்டில் அன்றே பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது.

அந்த முரசு நடனத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! அரண்மனை முன்னால் வரிசை வரிசையாக ராட்சச முரசுகள். அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள். நடுவே டி.ஆர்.ராஜகுமாரி. ஆட்டம் முடிந்ததும் முரசுகள் திறந்து, உள்ளேயிருந்து வீரர்கள் குபுகுபுவென்று குதித்து வருவார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற பேச்சே இல்லாத காலம். முரசும் நிஜம், ஆட்களும் நிஜம், மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த கால் வலியும் நிஜம். அந்தப் பிரமாண்டத்தைப் பார்க்கும்போது, கதை எந்த நூற்றாண்டில் நடந்தால் நமக்கென்ன என்று தோன்றிவிடுகிறது.

எனவே, அடுத்த தடவை ‘சந்திரலேகா’ பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். சர்க்கஸ் வந்ததும், ‘இது எதுக்கு நடுவுல?’ என்று ரிமோட்டைத் தேடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். என்.எஸ்.கே. வருவார். படம் வெளியாவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னால் வரை அவர் ஆயுள் கைதி. அது தெரிந்த பிறகும் அந்தக் காட்சியை ஓட்டிவிட உங்களுக்குக் கை வருகிறதா, பாருங்கள்.