பச்சிளங் குழந்தையின் படுக்கை: ஏணை முதல் இன்று வரை

குழந்தைப் பேறு வேண்டி இறைவன் திருமுன் நிற்போர் தொட்டில் கட்டி வேண்டிக்கொள்வது நம் மரபு. கோயில் மரத்தின் கிளைகளில் சிறு மரத் தொட்டில்களும், மஞ்சள் துணியில் முடிந்த தூளிகளும் தொங்குவதை யாவரும் கண்டிருப்போம். வேண்டுதல் நிறைவேறிய பின், கரும்பில் கட்டிய சேலைத் தொட்டிலில் மழலையைக் கிடத்தி, பெற்றோர் அதன் இரு முனைகளையும் தோளில் தாங்கி வலம் வருவர். தைப்பூசத் திருநாளில் பத்துமலையின் 272 படிகளிலும் இக்கரும்புத் தொட்டில்கள் ஏறிச் செல்லும் காட்சி காண்போர் நெஞ்சை உருக்குவதாகும்.

இறைவனிடம் நாம் வேண்டிப் பெற்ற அச்செல்வத்தை இரவில் எதன்மீது கிடத்துகிறோம்? எப்படிக் கிடத்துகிறோம்? இவ்வினாக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு தமிழகத்துச் சிற்றூர்களில் தொடங்கி, கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களின் வழியே நம் வீட்டுப் படுக்கையறை வரை வந்து சேர்கிறது. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் மரபில் தொட்டிலும் பாயும்

குழந்தையின் படுக்கைக்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. மரத்தாலோ உலோகத்தாலோ செய்தது தொட்டில். சேலையையோ வேட்டியையோ உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவது ஏணை. சில வட்டாரங்களில் அதனைத் தூளி என்பர். இச்சொற்களோடு பிறந்தவையே தாலாட்டுப் பாடல்கள். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். பின்னர்த் தோன்றிய பிள்ளைத்தமிழ் இலக்கியம், குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் போற்றியது.

அப்பருவங்களுள் ஒன்று செங்கீரை. ஏறத்தாழ ஐந்தாம் திங்களில் குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றித் தலையையும் மார்பையும் உயர்த்தி அசையும் நிலையை அது குறிக்கும். அதற்கு முன்னுள்ள திங்கள்களில் மழலைக்குத் தன் தலையைத் தானே தாங்கும் வலிமை நிரம்புவதில்லை என்பதை நம் புலவர் நன்கு கண்டிருந்தனர். குழந்தை முதன்முதலாகக் குப்புற விழும் நாளில் பலகாரம் செய்து அண்டை அயலாருக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கமும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. குப்புற விழுதல் ஒரு புதிய நிகழ்வாகக் கொண்டாடப்பட்டது எனின், அதுவரை அக்குழந்தை மல்லாந்தே கிடத்தப்பட்டது என்பது தானே விளங்கும்.

ஏணையைத் தவிர்த்த நேரங்களில் மழலையின் படுக்கை கோரைப் பாயேயாகும். அதன்மேல் பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலையோ வேட்டியோ விரிப்பர். புதுத் துணியை நம் பாட்டிமார் விரும்பவில்லை. கஞ்சி நீங்கிய பழந்துணி மென்தோலை உறுத்தாது. ஈரத்தை விரைந்து உறிஞ்சும். வெயிலில் எளிதில் உலரும். இவற்றோடு தலை உருண்டையாக அமைய வேண்டுமெனக் கடுகு நிரப்பிய சிறு தலையணை வைக்கும் வழக்கமும் இருந்தது. இவற்றுள் எவை இன்றைய மருத்துவ ஆய்வில் நிலைபெற்றன, எவை நிலைபெறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

தோட்டப்புறத்து ஏணை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான், கோல லங்காட், கேரித் தீவு ஆகிய பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கடல் கடந்து வந்த நம் முன்னோர் சேலைத் தூளியையும் உடன் கொண்டுவந்தனர். இங்கே மலாய் மக்களிடமும் அதனையொத்த பழக்கம் இருந்தது. அவர்கள் அதனைப் புவாயான் என்பர். குழந்தையைத் தொட்டிலில் இட்டுப் பாடும் சடங்கும் அவர்களிடையே உண்டு. நாளடைவில் தோட்டத்துத் தமிழர் சேலைக்கு மாற்றாகச் சாரோங்கையும் ஏணையாக்கினர். தாலாட்டு தமிழில் இருக்க, தொட்டில் துணி மலாய்த் துணியாயிற்று.

தோட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒருங்கே பால் மரம் சீவினர். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தாய், கைக்குழந்தையை என் செய்வாள்? அவ்வேளையில் உதவியது ஆயாக் கொட்டகை. லயத்தின் ஒரு பக்கத்தில் அமைந்த அக்கொட்டகையில் குழந்தைகளின் ஏணைகள் தொங்கும். முதிய பெண்ணொருத்தி ஆயாவாக இருந்து பல குழந்தைகளை ஒருசேரப் பார்த்துக்கொள்வாள். கொட்டகை இல்லாத இடங்களில், மூத்த பெண்பிள்ளை பள்ளியை விட்டுத் தம்பி தங்கையரின் தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவதுண்டு. ஒரு பெண்ணின் கல்வியே ஒரு மழலையின் பாதுகாப்புக்கு விலையாயிற்று என்பது நம் சமுதாய வரலாற்றில் மறக்கலாகாத செய்தி.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு, மருத்துவம், கல்வி ஆகியவற்றில் கருத்துச் செலுத்தியது. எனினும் ஏட்டில் இருந்தவை யாவும் லயத்தில் நடக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சார்ந்து ஆர். எச். நாதன் போன்றோர் வழிநடத்திய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் யாவரும் அறிந்ததே. அதன் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு முறையான மருத்துவ வசதியும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும், பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பும், கள்ளுக்கடை மூடலும் இடம்பெற்றன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்து ஒடுங்கிய அப்போராட்டத்தின் பின்னணியில், தூளியில் கிடந்த மழலைகளின் நலனும் இருந்தது. பின்னாளில் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், தோட்டங்களில் குழந்தைப் பராமரிப்பு இல்லம் அமைப்பதைப் பற்றியும் விதி வகுத்தது.

கிள்ளானும் கொசுவலையும்

பச்சிளங் குழந்தையின் படுக்கையைப் பற்றிப் பேசுங்கால் கொசுவலையை விடுதல் இயலாது. இதில் கிள்ளானுக்கு உலகறிந்த ஓர் இடம் உண்டு. 1901ஆம் ஆண்டு சனவரியில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் இந்தியாவில் சான்று கண்டு நான்காண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கிள்ளான் நகரமும் அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகமும், காய்ச்சலால் நிலைகுலைந்தன.

வாட்சன் சதுப்பு நிலத்தை வடியச் செய்து, காட்டைத் திருத்தி, கொசு பெருகும் நீர்நிலைகளை ஒழித்தார். 1901இல் இவ்விரு இடங்களிலும் 582ஆக இருந்த இறப்புகள் மறு ஆண்டே 144ஆகக் குறைந்தன. பின்னர் அவர் தோட்டந்தோறும் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீக்கத்தைக் கணக்கெடுத்தார். ஒரு தோட்டத்தின் மலேரியாவை அறிய அதன் குழந்தைகளே அளவுகோலாயினர். நம் முன்னோரின் மழலைகள் அவ்வகையில் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டனர்.

விடுதலை பெற்ற 1957இல் தீபகற்பத்தில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. தாய் சேய் நல மருந்தகங்கள், வீடு தேடி வரும் தாதியர், தடுப்பூசி, தூய குடிநீர் ஆகியவற்றால் இருபதாம் நூற்றாண்டின் முடிவில் அவ்வெண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கியது. தொற்றுநோய் குறைந்த நாடுகளில், அதுவரை மறைந்திருந்த வேறொரு கேடு கண்ணுக்குப் புலப்பட்டது. அதுவே நலமாக உறங்கச் சென்ற குழந்தை காரணமின்றி உறக்கத்திலேயே இறந்துபோதல்.

மேனாடு கற்ற பாடம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டு மருத்துவர் பலர், குழந்தையைக் குப்புறக் கிடத்துவதே நன்று என்றனர். மல்லாந்த குழந்தை பால் கக்கினால் மூச்சடைக்கும் என்பது அவர்தம் அச்சம். புகழ்பெற்ற பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் அக்கருத்தையே பரப்பிற்று. உண்மை வேறாக இருந்தது. குழந்தை மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைகின்றன. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் செல்லுதல் அரிது. குப்புறக் கிடக்கையிலோ, முகம் மெத்தையில் புதைந்து, தான் விட்ட மூச்சையே குழந்தை மீண்டும் இழுக்க நேர்கிறது, உடற்சூடும் மிகுகிறது, விழித்துத் திரும்பும் ஆற்றலும் குறைகிறது.

குழந்தைகளை மல்லாந்து கிடத்தும் வழக்கமுடைய ஹாங்காங்கில் இத்தகைய இறப்பு மிக அரிது என 1985இல் ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை சுட்டிக்காட்டியது. பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களிலும் அது குறைவாகவே காணப்பட்டது. நியூசிலாந்து ஆய்வாளர் பெரியதோர் ஆய்வின் வழி இதனை உறுதிப்படுத்தினர். 1991இல் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும், 1994இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாந்து கிடத்துமாறு நாடு தழுவிய பரப்புரை தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் இத்தகைய இறப்புகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன.

2005இல் வெளியான ஓர் ஆய்வு மேலும் நெஞ்சை உலுக்கியது. குப்புறக் கிடத்துதல் கேடு என்பதற்கான சான்றுகள் 1970 அளவிலேயே இருந்தன. அவற்றை உடனே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் குறைந்தது ஐம்பதாயிரம் குழந்தைகளும் பிழைத்திருக்கக்கூடும் என அது கணித்தது. நம் பாட்டிமார் படிக்காத மருத்துவ நூல்கள் தவறியிருந்தன. அவர்கள் பாயில் மல்லாந்து கிடத்திய வழக்கம் தவறவில்லை.

கொள்ளுவனவும் தள்ளுவனவும்

இதனால் பழையன யாவும் நல்லன என்று கொள்ளுதல் ஆகாது. மருத்துவம் தன் பிழையைத் திருத்திக்கொண்டது போல் நாமும் திருத்திக்கொள்ள வேண்டியவை உண்டு.

முதலாவது தலையணை. கடுகுத் தலையணையாயினும் இலவம்பஞ்சுத் தலையணையாயினும் முதல் ஆண்டில் வேண்டுவதில்லை. தலை உருண்டையாக அமைய, குழந்தை விழித்திருக்கும்போது நம் கண் முன்னே சிறிது நேரம் குப்புறக் கிடத்தி விளையாட விடுதலே போதுமானது.

இரண்டாவது ஏணை. குழந்தையை அமைதிப்படுத்த அதனினும் சிறந்த கருவி இல்லை எனலாம். ஆயினும் வளைந்த துணியில் பச்சிளங் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சுவழி குறுகக்கூடும். குறைமாதத்தில் பிறந்த மழலைக்கு இவ்வபாயம் மிகுதி. சாய்வுப் படுக்கைகளில் நேர்ந்த இறப்புகளின் காரணமாக அமெரிக்கா 2022இல் அவற்றைச் சட்டத்தால் தடை செய்தது. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டுகளையும் அச்சட்டமே தடுத்தது. ஆகவே ஏணையில் உறங்கிய குழந்தையைச் சமதளப் படுக்கைக்கு மாற்றிவிடுதல் நன்று. ஸ்பிரிங் தொட்டிலாயினும் மின்விசையால் ஆடும் தொட்டிலாயினும் இதுவே முறை. கொக்கியும் கயிறும் தளர்ந்து குழந்தை விழுதலும், தவழும் பருவத்துப் பிள்ளையின் கழுத்தில் தூளித் துணி சுற்றிக்கொள்ளுதலும் மருத்துவமனைகள் கண்ட உண்மைகளாகும்.

மூன்றாவது மெத்தை. விரலால் அழுத்தினால் குழியாத, சரிவில்லாத, தொட்டிலின் அளவுக்குப் பொருந்திய உறுதியான மெத்தையே ஏற்றது. மேலே இறுகப் பொருத்திய ஒரே ஒரு பருத்தி விரிப்புப் போதும். கம்பளி, பஞ்சுப் பொம்மை, திண்டு எதுவும் உள்ளே வேண்டா. நம் நாட்டு வெப்பத்திற்கு மெல்லிய ஓர் ஆடையே மிகுதி. கழுத்தில் அணிவித்த சங்கிலியையும் கயிற்றையும் உறங்குமுன் கழற்றிவிட வேண்டும். கொசுவலை குழந்தையின் முகத்தில் விழாதவாறு விறைப்பாக நிற்றல் வேண்டும். புகை சிறுநுரையீரலுக்குக் கேடாதலின், சிகரெட்டுப் புகையோடு சாம்பிராணிப் புகையையும் தொட்டிலருகே தவிர்த்தல் நலம்.

நான்காவது, உடன் படுத்தல். குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவதே குறைந்தது முதல் ஆறு திங்களுக்குச் சிறந்தது என்பது இன்றைய அறிவுரை. தாய்ப்பால் கொடுத்தல் இவ்வகை இறப்பினின்று காக்கும் அரணுமாகும். மது அருந்தியவரோ புகை பிடிப்பவரோ மழலையின் அருகில் படுத்தலும், சோபாவில் குழந்தையை அணைத்தபடி உறங்கிவிடுதலும் பேரிடர் தருவன.

மரபைக் கைவிடாமலே பாதுகாப்பைப் பெறலாம் என்பதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நல்ல எடுத்துக்காட்டு. பெற்றோருடன் குழந்தையை உறங்கவைக்கும் தம் வழக்கத்தை விட மனமின்றி, 2006 அளவில் அவர்கள் நாரால் பின்னிய வஹாகுரா என்னும் கூடைப் படுக்கையை உருவாக்கினர். பெற்றோரின் படுக்கைமீதே வைக்கத்தக்க அக்கூடை மழலைக்குத் தனியிடம் ஆயிற்று. பின்லாந்து அரசோ 1938 முதல் தாய்மார்க்குத் துணிகள் நிறைந்த ஒரு பெட்டியை வழங்கி வருகிறது. அடியில் மெத்தை விரித்த அப்பெட்டியே பல குழந்தைகளின் முதல் தொட்டிலாக அமைந்தது.

நிறைவாக

புக்கிட் ராஜா தோட்டம் இருந்த நிலத்தில் இன்று பண்டார் புக்கிட் ராஜா எழுந்து நிற்கிறது. லயமும் ஆயாக் கொட்டகையும் மறைந்தன. ஆயாவின் பொறுப்பு இன்று பாட்டியிடமும், குழந்தைப் பராமரிப்பு இல்லத்திடமும் வந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் அத்தகைய இல்லங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. பிள்ளையை ஒப்படைக்குமுன் பதிவைக் கேட்டறிவதோடு, குழந்தைகளை எப்படிக் கிடத்துகிறார்கள் என்றும் கண்டு வருதல் பெற்றோர் கடன்.

வளைகாப்புக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் செல்வோர் பஞ்சுத் தலையணையும் கனத்த மெத்தைத் தொகுப்பும் பரிசாகக் கொண்டு செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அவற்றுக்கு மாற்றாக நல்ல கொசுவலை ஒன்றோ, துவைத்து மென்மையாக்கிய பருத்தித் துணிகளோ கொண்டு செல்வோமாயின், அது மழலைக்குப் பயன்படும் பரிசாகும். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பர் நம் முன்னோர். தொட்டிலைப் பற்றிய நம் பழக்கமும் அவ்வாறே தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. ஆதலின் நல்ல பழக்கத்தையே அடுத்த தலைமுறைக்குக் கையளிப்போம். கோயில் மரத்தில் தொட்டில் கட்டியோர் யாவரும் வேண்டிப் பெற்ற செல்வங்களோடு நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.