மூளைக்குள் பிறந்த கொலஸ்ட்ரால்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்ட்ரால் என்ற சொல்லைக் கண்டதும் நமக்குப் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கொலஸ்ட்ராலின் கதை இது.

அதன் தொடக்கம் தாய்ப்பால். பால் தரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. கைக்குழந்தையின் ஈரல் அதை உடைத்துக் கீட்டோன் என்னும் சிறு மூலக்கூறுகளாக்கி ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை மூளை உள்ளே விடுவதில்லை. கீட்டோனுக்கு வழி உண்டு. உள்ளே போன கீட்டோனின் கரிம அணுக்களை ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் செல் துண்டு துண்டாகக் கோத்து, ஸ்குவாலீன் என்ற நீண்ட சங்கிலியாக்கி, நான்கு வளையங்களாக மூடி, 27 கரிம அணுக்கள் கொண்ட கொலஸ்ட்ராலாக முடிக்கிறது. ஸ்குவாலீன் உருவாகும் படியை எலிகளின் அந்தச் செல்களில் மட்டும் முடக்கியபோது நரம்பிழைகளைச் சுற்றும் உறை உருவாவதே தாமதப்பட்டது, எலிகள் நடுங்கின. 2005இல் வெளியான ஆய்வு இது.

பிறந்த கொலஸ்ட்ரால் செல்லின் சவ்வில் சேர்கிறது. அந்தச் சவ்வு நரம்பிழையைப் பாய் சுருட்டுவதுபோலச் சுற்றிச் சுற்றி இறுகும்போது மயலின் உறையாகிறது. அதன் உலர்ந்த எடையில் 70 சதவீதத்துக்கும் மேல் கொழுப்புப் பொருள்கள்தான். இளம் உறையில் லெசித்தின் என்ற கொழுப்பின் பங்கு அதிகம். மூளை வளர வளர அது இறங்கி, கேலக்டோசெரிப்ரோசைடு என்ற மற்றொரு கொழுப்பு ஏறுகிறது. எலி மூளைகளிலிருந்து மயலினைப் பிரித்து, வயதுவாரியாக அளந்து 1973இல் இதைக் காட்டியவர்கள் நார்ட்டனும் பொடுஸ்லோவும். கொழுப்பு அமிலங்களின் வாலும் நீள்கிறது: 18 கரிமம் கொண்டவை குறைந்து, 24 கரிமம் கொண்ட நெர்வோனிக் அமிலம் கூடுகிறது.

இந்த இடமாற்றம் எதற்கு என்பதற்கு 1996இல் பதில் கிடைத்தது. கேலக்டோசெரிப்ரோசைடைச் செய்யவே முடியாத எலிகளிலும் உறை உருவாயிற்று; பார்வைக்குக் குறை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் நரம்புச் சைகையின் வேகம் சரிந்தது, எலிகளுக்கு நடுக்கம் கண்டது. உறை எதனால் ஆனது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

மனிதக் குழந்தையில் உறையின் கட்டுமானம் முதல் 2 ஆண்டுகளில் மிக வேகமாக நடக்கிறது. நெற்றிப் பகுதியில் 20 வயதைத் தாண்டியும் தொடர்கிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையில் உடலின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கு தங்கியிருக்கிறது. ரத்தத்துக் கொலஸ்ட்ரால் சில நாட்களில் புதிதாகிவிடும். மூளையில் இருப்பதில் பாதி மாறவே 5 ஆண்டுகளாவது ஆகும்.

கொலஸ்ட்ரால் மூளையிலிருந்து வெளியேறும் வழி குறுகலானது. 24ஆவது கரிமத்தில் ஓர் ஆக்ஸிஜன் ஏறினால்தான் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடக்கலாம். நாளொன்றுக்கு 6, 7 மில்லிகிராம் இப்படி ரத்தத்துக்கு வந்து, ஈரலில் பித்த அமிலமாகி முடிகிறது.

பெற்றோரே, உறை வேகமாகக் கட்டப்படும் அந்த வயதில் கொழுப்பு தேவை; எனவே மருத்துவர் சொன்னாலொழிய, 2 வயது ஆகாத குழந்தைக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுக்காதீர்கள்.